ஏழுமலை மூணு தடவ செத்த கதை

இன்டர்நெட்டுல என்னோட வீடியோ ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்குது. அதுல என் மூஞ்சி தெரியாது. ஒரு ஜன்னல் தெரியும், ஜன்னலுக்கு அந்தாண்ட ஒரு டெலிபோன் கம்பம் தெரியும், கம்பத்துல தொங்கற ரெண்டு காலு தெரியும். காக்கி பேண்ட்டு, ஒரு கால்ல செருப்பு இல்ல. அந்தக் காலு ரெண்டும் என்னுது. முப்பத்தாறு வருஷம் மரக்காணம் எக்ஸ்சேஞ்சுல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவனுக்கு, உலகம் குடுத்த பேரு "அந்தக் காலுக்காரர்".

போன மாசம் டீக்கடையில ஃபைபர் கம்பெனி ஆளுங்க நாலு பேரு உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு இப்ப எல்லாமே போன்ல வந்துடுதாம். லைன் நல்லா இருந்தா பச்சப் புள்ளி, கெட்டுப்போனா செவப்புப் புள்ளி. "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி அண்ணே சொல்லுவீங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். உங்க காலத்துலன்னா எனக்கு உடனே கோவம் வந்துடும். நான் என்ன போய்ச் சேந்துட்டேனா? "வாயத் தொறந்து சொல்லுவோம்டா"ன்னேன். அப்படி வாயத் தொறந்து சொன்னதுல என்ன ஆச்சுன்னு ஒரு அரை மணி நேரம் சொன்னேன். சிரிச்சிச் சிரிச்சி ஒருத்தனுக்குப் புரையேறிடுச்சு. அதையே எங்க ஓய்வூதியர் சங்கத்துல மலருக்கு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, எழுதறேன்.

ட்ரெய்னிங் பத்திப் பெருசா ஒண்ணும் இல்ல. விழுப்புரத்துல மூணு மாசம். கம்பத்துல ஏறக் கத்துக் குடுத்தாங்க, இறங்கறத நாங்களே கத்துக்கிட்டோம்.

வேலைய உண்மையில கத்துக் குடுத்தது உப்புதான். எங்க ஊர்ல சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா கடக்காத்து கெளம்பிடும். உப்பளத்து மேல தவழ்ந்து வர்ற காத்து, ஈரமும் உப்புமா வரும். கம்பத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், டி.பி. பாக்ஸ்னு சொல்லுவோம். பத்து வூட்டு லைன் அதுல வந்து சேரும். அந்தப் பெட்டிக்குள்ள காத்து பூந்துச்சுன்னா செம்புக் கம்பி பச்ச பூத்துடும். பூத்ததக் கத்தி முதுகால சொரண்டணும், காஞ்ச துணியால தொடைக்கணும், ஈரத் துணி பட்டுச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது. அப்புறம் முறுக்கணும், டெஸ்ட் போனக் காதுல வச்சிக் கேக்கணும். ர்ர்ர்னு சத்தம் வந்தா லைனுக்கு உயிர் இருக்குது. கரகரன்னா இழுத்துக்கினு இருக்குது. ஒண்ணுமே வரலன்னா செத்துப்போச்சு. உயிர், இழுத்துக்கினு, செத்துப்போச்சு. எங்க டிபார்ட்மென்ட்டுல இந்த மூணு வார்த்தை தெரிஞ்சவன் லைன்மேன், தெரியாதவன் ஆபீசர்.

ஆனா கஸ்தூரி மேடம் அப்படி இல்ல. அவங்கதான் எங்க ஜே.டி.ஓ., எனக்கு மேலதிகாரி. குள்ளமா இருப்பாங்க. காட்டன் புடவைக்கு ஷூ போட்டுக்கினு மொபெட்ல வருவாங்க. நான் கம்பத்துல ஏறினா கீழ குடையப் புடிச்சிக்கினு நிப்பாங்க. கையில ஒரு நோட்டு. மேல இருந்து நான் என்ன சொல்றனோ அத எழுதுவாங்க. கோவமே படமாட்டாங்க. நான் எந்தத் தப்பு பண்ணாலும் ஒரே கேள்விதான், ஒரே குரல்தான்: "கலியபெருமாள், இது நியாயமா?" திட்டியிருந்தா தேவலை.

முன்னல்லாம் நம்பரச் சொல்லித்தான் கத்துவோம். ஒரு நாளு நான் மேல இருந்து முப்பத்தேழுன்னேன், காத்துல அவங்களுக்கு இருபத்தேழுன்னு வுழுந்துச்சு. அரிசி மில்லு லைன அறுத்துட்டோம். மில்லுக்காரர் ரெண்டு நாளு கத்தினாரு. அன்னிக்கு மேடம் ஒரு சட்டம் போட்டாங்க. "இனிமே நம்பர் சொல்லாதீங்க. யார் பேர்ல லைன் இருக்குதோ அவங்க பேரைச் சொல்லுங்க. ஒரு தடவ சொன்னா காத்துல போயிடும், மூணு தடவ சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

நல்ல சட்டம்தான். வேலை சுத்தமா நடந்துச்சு. ஆனா கேக்கறவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு நாளு டீக்கடையில நானு மேடத்துக்கிட்ட போன்ல, "கோவிந்தசாமி நேத்தே செத்துட்டாரு மேடம், ராமலிங்கம் இழுத்துக்கினு கெடக்கறாரு, மழ வுட்டதும் ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துக்கலாம்"னேன். பக்கத்துல இருந்த வெளியூர்க்காரர் டீய அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டாரு. உள்ளூர்க்காரங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

இப்ப பச்சையம்மா கேசுக்கு வர்றேன்.

பச்சையம்மா வூடு அனுமந்தை போற வழியில, உப்பளத்த ஒட்டி. சீசன்ல உப்பு வாருவாங்க. எங்கயாவது சாவுன்னா ஒப்பாரிக்குக் கூப்புடுவாங்க. அந்தம்மா பாடினா செத்தவனோட பங்காளி கூட அழுவான், அப்படி ஒரு கொரலு. மவன் துபாய்ல இருக்கான். செல்போன் சிக்னல் அந்தப் பக்கம் வராததால, மவங்கிட்ட பேசறதுக்குன்னு வூட்டுக்காரர் ஏழுமலை பேர்ல லைன் எடுத்து பிராட்பேண்டு போட்டாங்க. போட்டுக் குடுத்தது நான்தான்.

வினை எப்படி வந்துச்சுன்னா, ஒரு சாவுக்கு மொரீஷியஸ்ல இருந்து சொந்தக்காரர் வர முடியல. பச்சையம்மா பாடினத மருமவ சுகன்யா போன்ல புடிச்சி அனுப்பிச்சிது. அத அவரு இன்னொருத்தருக்கு அனுப்பி, அவரு நாலு பேருக்கு அனுப்பி, மலேசியா, கனடான்னு போயிடுச்சு. சுகன்யா சும்மா இருக்குமா, ஒரு சேனல் ஆரம்பிச்சிடுச்சு. வாரத்துல ஒரு நாளு பச்சையம்மா வூட்டுக் கூடத்துல உக்காந்து பாடுவாங்க, உலகம் பூரா உக்காந்து அழுவும்.

இதுல பாரிஸ்ல ஒரு வெள்ளக்காரம்மா. அவங்க பூன செத்துப்போச்சாம். பூனைக்கு ஒப்பாரி பாடுவீங்களான்னு கேட்டு எழுதினாங்க. கூட வேல செய்யற பாண்டிச்சேரிப் பொண்ணு ஒண்ணு தமிழ்ல எடுத்துச் சொல்லுமாம். நானா இருந்தா போனத் தூக்கிப் போட்டிருப்பேன். பச்சையம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? பூன பேரு என்ன, என்ன சாப்புடும், எங்க படுக்கும், கடசியா யாரப் பாத்துச்சு. சாவு வூட்ல கேக்கற அதே கேள்வி. கேட்டுட்டு, பால் கிண்ணம் காஞ்சிபோச்சே, ஜன்னலோரம் வெயில் வந்து தேடுதேன்னு பாடிட்டாங்க. வெள்ளக்காரம்மா மூணு நாளு அழுதாங்களாம். அவங்கதான் அங்க ஒரு பெரிய ஹால்ல, பல நாட்டுப் பாட்டுக்காரங்கள பெரிய திரையில காட்டற நிகழ்ச்சி நடத்தறவங்க. பச்சையம்மாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாங்க.

ஏழுமலைக்கு இது சுத்தமாப் புடிக்கல. அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்குது. "வாழற வூட்ல ஒப்பாரி வச்சா வூட்டுக்கு ஆவாது. கூப்புட்டா வந்துடும்." எங்க பக்கம் எல்லாரும் நம்பறதுதான். பொண்டாட்டி பாடற நேரம் பார்த்து, ரெண்டு காதுலயும் பஞ்சு அடைச்சிக்கினு, பின் ரூம்ல கட்டில்ல படுத்து, ஈ மொய்க்காம இருக்க வெள்ள வேட்டியால தலையோட கால் மூடிக்கினு தூங்கிடுவாரு. யாராவது பாத்தா என்ன நெனப்பாங்கன்னு அந்த மனுஷன் ஒரு நாளாவது யோசிச்சிருக்கணும்.

இதுல லைன் வேற சதி பண்ணுச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பச்சையம்மா உச்சத்துக்குப் போவாங்க, லைன் அறுந்துடும். வாய் தொறந்தபடியே படம் நின்னுடும். எவனோ அத எடுத்து ஸ்டிக்கரா வேற போட்டுட்டான். நான் மோடம் மாத்தினேன், வூட்டுக்குள்ள ஒயரு மாத்தினேன், ஒண்ணும் நடக்கல. மேடம் ஒரு நாளு நேர்ல வந்து, ஸ்டூல்ல உக்காந்து, "பாடுங்கம்மா, எந்த எடத்துல கட்டாவுதுன்னு பாக்கறேன்"னாங்க. பச்சையம்மா பாடினாங்க. லைன் கட்டாச்சு. மேடம் கண்ணத் தொடச்சிக்கினு நோட்டுல எழுதினாங்க: "சந்தாதாரர் மனைவி அழும்போது லைன் துண்டிப்பு." நாலு மணி கடக்காத்துதான் காரணம்னு கண்டுபுடிக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆச்சு. அசிங்கம்தான், ஒத்துக்கறேன். சொரண்டி வுட்டாலும் நாலே நாள்ல கம்பி திரும்பப் பூத்துடும்.

ஏழுமலை கடசியா சொல்லிட்டாரு. "இந்த ஒரு தடவ. பாரிஸோ கீரிஸோ பாடிக்கோ. இதுலயும் அறுந்துச்சுன்னா ஒயரப் புடுங்கி உப்பளத்துல வீசிடுவேன்."

பச்சையம்மா எங்கிட்ட வந்தாங்க. "அண்ணே, அரை மணி நேரம். அது மட்டும் அறுக்காமக் குடுங்க"ன்னாங்க. உனக்கு எதுக்கும்மா இந்த வம்புன்னு கேட்டேன். அவங்க சொன்னாங்க: "சாவு வூட்ல நூறு பேரு இருப்பாங்கண்ணே. ஒருத்தரும் பாட்டக் கேக்கறதில்ல, அழுவறாங்க. நல்லா பாடினேன்னு ஒருத்தர் சொல்ல முடியுமா? சொன்னா அடிதடி ஆயிடும். முப்பது வருஷமா பாடறேன். இந்த போன்லதான் ஒருத்தர் நல்லா இருக்குதுன்னு எழுதினாரு. சுகன்யாவ ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்." உசுரக் குடுத்தாவது லைன் குடுக்கறேம்மான்னு சொல்லிட்டேன்.

அந்த நாளு வந்துச்சு. அஞ்சு மணிக்கு நிகழ்ச்சி. நாலே முக்காலுக்கு லைன் போச்சு.

நான் கம்பத்துல ஏறிட்டேன், ஒரு செருப்பு கீழ வுழுந்துச்சு, யாருக்குக் கவல. கீழ மேடம், குட, நோட்டு. டெஸ்ட் போனக் காதுல வச்சேன். ஒண்ணும் இல்ல. சட்டப்படி கத்தினேன். "ஏழுமலை செத்துட்டாரு. ஏழுமலை செத்துட்டாரு. ஏழுமலை செத்துட்டாரு."

அதே நேரம் வூட்டுக்குள்ள பச்சையம்மா தொண்டையச் சரி பண்ணிக்க ஒரு ஒப்பாரி எடுத்தாங்க.

உப்பளத்துல வேல முடிச்சி பொம்பளைங்க ரோட்டோட வர்ற நேரம் அது. காத்து அவங்க பக்கம். மத்த நாளெல்லாம் என் வார்த்தையத் தூக்கிக்கினு எங்கயோ போற காத்து, அன்னிக்கு ஒரு எழுத்து சிந்தாமக் கொண்டுபோய் அவங்க காதுல போட்டுச்சு.

எனக்கு எங்க தெரியும்? நான் பெட்டிக்குள்ள தலைய வுட்டுக்கினு இருந்தேன். ஒரு கம்பி பூத்து, இத்து, நடுவுல அறுந்து கெடந்துச்சு. ரெண்டு முனையும் குட்டையாயிடுச்சு, முறுக்க நீளம் இல்ல. நடுவுல ஒட்டுக் கம்பி சேக்கணும், அது ஆபீஸ்ல இருக்குது. "நான் போய் எடுத்துக்கினு வரேன்"னு மேடம் மொபெட்ட எடுத்துட்டாங்க. மணி அஞ்சு அடிக்க ரெண்டு நிமிஷம். என்ன பண்றது? கொறட்டால ரெண்டு முனையையும் இழுத்துப் புடிச்சிச் சேத்தேன். டெஸ்ட் போன்ல ர்ர்ர்னு வந்துச்சு. ஜன்னல் வழியா சுகன்யா கட்ட வெரலக் காட்டுச்சு. நான் கைய எடுத்தா பாரிஸ் போயிடும். அப்படியே தொங்கினேன்.

பச்சையம்மா கண்ண மூடிக்கினு பாட ஆரம்பிச்சாங்க. அவங்க எப்பவும் கண்ண மூடிக்கினுதான் பாடுவாங்க. அப்பதான் கீழ பாத்தேன். கொண்டைய அவுத்துப் போட்டுக்கினு இருபது பொம்பளைங்க ஓடி வர்றாங்க. பின்னால ஒருத்தர் மாலையோட. அவருக்குப் பின்னால சாமியானாக்காரர், அவரு எப்பவும் எல்லாருக்கும் முன்னாடியே வந்துடுவாரு.

"ஏழுமலை உயிரோட இருக்காரு"ன்னு கத்தினேன். மூணு தடவ கத்தினேன். கீழ ஒரு பெரியவர் துண்டால கண்ணத் தொடச்சிக்கினு என்ன அண்ணாந்து பாத்தாரு. "ஆமாம்பா, நம்ம மனசுல என்னிக்கும் உயிரோடதான் இருப்பாரு"ன்னாரு. யோவ், லைனுய்யான்னேன். "லைனா நின்னு மாலை போடுங்கப்பா"ன்னு அவரு பின்னாடி திரும்பிச் சொன்னாரு.

சாமியானாக்காரர் கயிறு கட்ட எடம் தேடினாரு. என் கம்பத்துலயே கட்டினாரு. அவரு கயித்த இழுத்தா கம்பம் ஆடும், கம்பம் ஆடினா பாரிஸ் ஆடும். நான் திட்டின திட்டு இங்க எழுத முடியாது.

பொம்பளைங்க பின்வாசல் வழியா உள்ள பூந்துட்டாங்க. அங்க ஏழுமலை படுத்திருக்கறாரு. வெள்ள வேட்டி. விலக்கிப் பாத்தா காதுல பஞ்சு. வேற என்ன சாட்சி வேணும்? கட்டிலோட தூக்கி, கூடத்துக்குக் கொண்டாந்து, பச்சையம்மா எதுருல வச்சிட்டாங்க. இதெல்லாம் அப்படியே திரையில ஓடுது. சுகன்யா பயந்துபோய் நின்னுச்சு, ஆனா போன மட்டும் ஆட்டல.

கட்டில் வச்ச சத்தத்துல பச்சையம்மா கண்ணத் தொறந்தாங்க.

பாட்டு நின்னுடுச்சு. ஏழுமலையப் பாத்தாங்க, சுத்தி இருக்கற பொம்பளைங்களப் பாத்தாங்க. ஒருத்தி "அக்கா, அண்ணன் போயிட்டாரே"ன்னு கழுத்தக் கட்டிக்கினா. கூப்புட்டா வந்துடும்னு அந்த மனுஷன் சொன்னது அவங்க மனசுல ஓடியிருக்கும்போல. மூஞ்சி செத்துப்போச்சு. நான் கம்பத்துல இருந்து பாக்கறேன், கத்த வாய் வரல, கம்பிய வுட்டுடலாமான்னு பாத்தேன். வுட முடியல. உசுரக் குடுத்தாவதுன்னு வாக்குக் குடுத்துட்டனே.

அப்புறம் அவங்க பாடினாங்க. அது நிகழ்ச்சிக்குப் பாடினது இல்ல.

"வெள்ள வெள்ளையா உப்பு குமிச்சி வெயிலில மின்னுதய்யா
அள்ளி அள்ளிக் கொட்டின கையி அசையாமக் கெடக்குதய்யா
கொறட்ட வுட்டுத் தூங்கயில கோவமா எழுப்பினனே
கொறட்ட இல்லா இந்த வூட்ல கோழிகூடத் தூங்கலியே
கொழம்புல உப்பு கம்மியின்னு கோவிச்சி எழுந்தீங்களே
உப்பளமே அள்ளித் தரேன், உண்ண எழுந்து வாங்களேன்"

கீழ சாமியானாக்காரர் கயித்த வுட்டுட்டு அழுதாரு. நானும் அழுதேன், தொடைக்கக் கை இல்ல.

அப்ப கட்டில்ல இருந்து ஒரு கொரலு வந்துச்சு. "அது உண்மையிலயே கம்மியாத்தான் இருந்துச்சு."

இருபது பொம்பளைங்களும் எந்த வழியா வெளிய போனாங்கன்னு எனக்குத் தெரியாது, ஜன்னல் வழியா கூட ரெண்டு பேரு குதிச்சாங்க. ஏழுமலை எழுந்து உக்காந்தாரு. கட்டில தூக்கறப்பவே முழிச்சிட்டாராம். சுத்திப் பொம்பளைங்க அழுவறதப் பாத்துட்டு, தான் செத்துட்டோம்னு தானே நம்பிட்டாராம். அதான் ஆடாம அசையாமப் படுத்திருந்திருக்காரு. செத்தவன் எழுந்தா மரியாதையா இருக்காதுன்னு நெனச்சாராம். காதுல இருந்த பஞ்ச எவளோ எடுத்துட்டதால பாட்டு பூரா கேட்டிருக்குது.

பச்சையம்மா அவரு தோள்ல ரெண்டு அடி வச்சாங்க, அப்புறம் அதே தோளப் புடிச்சிக்கினு வுடவே இல்ல. "ஏன் நிறுத்திட்ட, மீதியப் பாடு"ன்னாரு ஏழுமலை. "உயிரோட இருக்கறவருக்குப் பாடக் கூடாது"ன்னாங்க. "பரவால்ல பாடு. நல்லா இருக்குது"ன்னாரு.

அந்தம்மா மூஞ்சியில அப்ப வந்தத எனக்குச் சொல்லத் தெரியல. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு இன்னிக்கும் அந்த வீடியோவுக்குக் கீழ பல பாஷையில சண்ட நடக்குது. பாரிஸ்ல ஹால் பூரா எழுந்து நின்னு கை தட்டினாங்களாம். சுகன்யா போனக் காட்டி, "அத்தை, பாருங்க, எல்லாரும் எழுந்து நிக்கறாங்க"ன்னுச்சு. பச்சையம்மா திரும்பல, வூட்டுக்காரரப் பாத்தே மீதியப் பாடி முடிச்சாங்க. மேடம் ஒட்டுக் கம்பியோட வந்து சேந்தப்ப மாலையெல்லாம் வாசல்ல கெடந்துச்சு. அவங்க அதப் பாத்தாங்க, என்ன அண்ணாந்து பாத்தாங்க, இது நியாயமான்னு அன்னிக்குக் கேக்கல.

மறுநாளு காலையில ஏழுமலை ஆபீசுக்கு வந்தாரு. ஒயரப் புடுங்கத்தான் எழுதிக் குடுக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். "என் பேர்ல இருக்கற லைன அவ பேருக்கு மாத்தணும்"னாரு.

ஃபாரத்த எடுத்தேன். புருஷன் பேர்ல இருந்து பொண்டாட்டி பேருக்கு மாத்தற ஃபாரம் என் சர்வீஸ்ல எத்தனையோ எழுதியிருக்கேன். மாற்றுவதற்கான காரணம்னு ஒரு எடம் இருக்கும், அங்க எல்லாத்துலயும் ஒண்ணேதான் எழுதுவோம், சந்தாதாரர் காலமானார்னு. இவரு எதுருல வெத்தல போட்டுக்கினு உக்காந்திருக்காரு. "என்ன காரணம்னு எழுதறது?"ன்னு கேட்டேன்.

"அவ பாடறா. அதான் காரணம்"னாரு.

அப்படியே எழுதினேன். கஸ்தூரி மேடம் படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாங்க.